இடப்பக்கம் தாழ்வாக வந்த பந்துகள்

நான் ஓய்வு பெற்ற கல்லூரியின் விளையாட்டுப் பகுதியில் இப்போது வேலை செய்கிற இரண்டு பெண்கள் போன மாதம் என்னைத் தேநீருக்கு அழைத்திருந்தார்கள். ஆட்டக்காரரின் உடுப்புக்குள் சிறிய கருவி ஒன்றைச் செருகிவிட்டால் அவர் ஓடியது, நின்றது, திரும்பியது எல்லாம் தானாகவே திரையில் வந்துவிடுகிறது. அதைப் போட்டுக் காட்டினார்கள். எனக்கும் பிடித்திருந்தது. நீங்கள் அந்தக் காலத்தில் இதையெல்லாம் எதனால் எடுத்தீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். பென்சிலால் என்றேன். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிளேஸ்டோவில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான், அந்த ஒரு சொல்லோடு விட்டுவிட்டு வந்தது சரியில்லை என்று பட்டது.

எண்பதுகளின் நடுவில் கிழக்கு லண்டனில் ஒரு கல்லூரிக்குத் தட்டெழுத்து வேலைக்கு விண்ணப்பித்தேன். கணவர் அருள் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் செய்துகொண்டிருந்தார். எனக்குப் பகல் வேலை ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தது. வேலை விளையாட்டுப் பகுதியில் என்பது நேர்முகத்துக்குப் போன பிறகுதான் தெரியவந்தது. அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர் லோமக்ஸ். முன்பு புவியியல் படிப்பித்தவர், பிறகு கல்லூரியின் விளையாட்டு அலுவலகத்துக்குப் பொறுப்பானவர். என் தட்டெழுத்து வேகத்தை அவர் கேட்கவேயில்லை. கடைசியாகப் பார்த்த கோல் ஒன்றை விவரிக்கச் சொன்னார்.

நான் மன்னாரில் பிறந்தவள். எங்கள் கோயில் பங்கில் உதைபந்தாட்டம் ஆடாத ஆண்பிள்ளை இல்லை. என் மூன்று அண்ணன்மாரும் ஆடினார்கள். கடைசி அண்ணை அடித்த ஒரு கோலைச் சொன்னேன். பந்து வலப்பக்கக் கோட்டோரமாக வந்தது, நடுவில் நின்றவர் அதைத் தொடாமல் விட்டார், அண்ணை இடக்காலால் தட்டினார், கோல் காப்பாளர் எதிர்ப்பக்கம் விழுந்தார் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். லோமக்ஸ் என் விண்ணப்பத்தை மடித்து வைத்தார். அது அழகான கோல் என்று நீங்கள் ஓர் இடத்திலும் சொல்லவில்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்.

முதல் இரண்டு பருவங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குளிர், சேறு, ஈரக் காலுறை. கல்லூரிப் போட்டிகள் புதன்கிழமை பின்னேரங்களில் நடக்கும். ஒரு கிழமை எங்கள் மைதானம், மறு கிழமை வேறு யாருடையதோ. பேனை மழையில் எழுதாது, அதனால் பென்சில். கையுறையின் இரண்டு விரல் நுனிகளை வெட்டிவிட்டேன். தாள் நனையாமல் எழுதும் அட்டைக்கு மேலே பிளாஸ்டிக் உறை.

ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு வரி. கோலை நோக்கி அடித்தது, கோல் ஆனது, அடுத்தவருக்குக் கொடுத்துக் கோல் ஆக்கியது, தவறாட்டம் எல்லாம் அந்த வரியில் சின்னச் சின்னக் குறிகளாக விழும். கோல் காப்பாளருக்கு மட்டும் தனித் தாள். அதில் கோல் சட்டத்தை வரைந்து ஆறு கட்டங்களாகப் பிரித்திருப்போம்: இடம், நடு, வலம், ஒவ்வொன்றிலும் மேல், கீழ். காப்பாளர் நிற்கிற நிலையில் அவருக்கு எது இடமோ அதுவே தாளிலும் இடம். பிடித்த பந்துக்கு வட்டம், விட்ட பந்துக்குக் குறுக்காக இரண்டு கோடு, புள்ளடி. வியாழன் காலையில் இவற்றையெல்லாம் ஆளுக்கோர் அட்டையில் ஏற்றுவேன். ஒருவர் கல்லூரிக்கு வந்த நாள் முதல் போகும் நாள் வரை ஆடியது முழுவதும் அந்த அட்டையில் இருக்கும். தொண்ணூறுகளில் கணினி வந்தபோதும் அதே ஆறு கட்டங்களைத்தான் திரையில் போட்டுக் கொடுத்தார்கள்.

லோமக்ஸ் மைதானத்து ஓரத்தில் மடக்குக் கதிரை ஒன்றில், மழைக்கோட்டோடு, குடையில்லாமல் இருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எங்கள் அணி கோல் போட்டாலும் கையைத் தட்டமாட்டார், தொப்பியைச் சற்றுச் சரிசெய்வார், அவ்வளவுதான். வியாழன் காலை என் தாள்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, ஏதாவது ஒன்றில் பென்சில் நுனியை வைத்து, இது நீங்கள் கண்டதா, நினைத்ததா என்று கேட்பார். கண்டது என்றால் அடுத்த தாளுக்குப் போவார். நினைத்தது என்றால் அழிறப்பரை என் பக்கம் தள்ளுவார். ஒருமுறை ஒருவருடைய வரியின் ஓரத்தில் 'களைத்துப்போனார்' என்று எழுதியிருந்தேன். அதையும் அழிக்கச் சொன்னார். களைப்பு, திறமை, சோம்பல் எல்லாம் பயிற்றுநரின் பேச்சு, நமக்கு அது தேவையில்லை என்பது அவர் கட்சி.

அணித்தலைவனாக இருந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் ஒருமுறை அலுவலகத்துக்குக் கோபமாக வந்தான். தலையால் முட்டிப் போட்ட கோலை அவன் பெயரில் ஏற்றவில்லை என்பது குற்றச்சாட்டு. அது எதிரணித் தடுப்பாட்டக்காரரின் முழங்காலில் பட்டுப் போனதை நான் கண்டிருந்தேன். அவன் சாட்சிக்கு மூன்று பேரைக் கூட்டிவந்தான். லோமக்ஸ் மூவரையும் இருத்தித் தேநீர் கொடுத்து, பந்து தலையில் பட்டதைக் கண்டீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மூவரும் கண்டது, இவன் கையை விரித்துக்கொண்டு ஓடியதைத்தான். தாள் மாறவில்லை. பருவ முடிவு விருந்தில் அந்தத் தலைவனே என்னிடம் வந்து, பந்து தன் தலைமயிரிலாவது பட்டிருக்கலாம் என்று நம்பியதாகச் சொல்லிச் சிரித்தான். நல்ல பிள்ளை.

தயாளன் வந்தது எனக்கு மூன்றாவது பருவத்தில். யாழ்ப்பாணத்துப் பையன். இல்ஃபோர்டில் அக்கா குடும்பத்தோடு இருந்தான். அக்கா மளிகைக் கடையில் வேலை, அத்தான் பெற்றோல் நிலையத்தில். ஊரில் கல்லூரி அணியில் கோல் காப்பாளராக ஆடியவன், இங்கே வந்து இரண்டு குளிர்காலம் பந்தையே தொடவில்லை. பயிற்றுநர் பிரெண்டன் ஓர் அயர்லாந்துக்காரர், கரகரத்த குரல், இளகிய மனம். அவர் தயாளனுக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் பந்து அடித்துப் பார்த்துவிட்டு, எங்கே இருந்தாய் இவ்வளவு நாளும் என்று கேட்டாராம். அந்த இலையுதிர்காலத்தில் தயாளன் தொடர்ச்சியாகக் கோல் விடாமல் ஆடிய போட்டிகள் கல்லூரியின் பழைய பதிவைத் தாண்டின. அவன் அட்டையில் வட்டங்களாகவே இருந்தன. தமிழ் ஆள் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்ததை மறைக்கவில்லை. தாளில் மட்டும் அதைக் காட்டவில்லை.

டிசம்பரில் நத்தார் விடுமுறை முடிந்து நடந்த முதலாவது போட்டியில் ஒரு முன்வரிசை ஆட்டக்காரரின் முழங்கால் அவன் முகத்தில் பலமாக அடித்தது. இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு சேற்றில் இருந்தான். ஈரப் பஞ்சால் ஒற்றிவிட்டார்கள், எழும்பி ஆடினான். அடுத்த கிழமை கண்ணைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. அதற்கடுத்த கிழமை அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு கோல்கள் விழத் தொடங்கின. ஒரேயடியாக இல்லை, இங்கொன்று அங்கொன்று. எல்லாக் காப்பாளருக்கும் அப்படி ஒரு காலம் வரும் என்று பிரெண்டன் சொன்னார். அடிபட்ட பிறகு பயந்திருக்கிறான் போலும் என்றும் சொன்னார். நான் அட்டையில் ஏற்றும்போது புள்ளடிகள் ஒரே கட்டத்தில் சேர்ந்துகொண்டு வந்தன: இடம், கீழ். மற்ற ஐந்து கட்டங்களிலும் முன்போலவே வட்டங்கள்.

லோமக்ஸிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் மாறியிருக்கிறானா என்று கேட்டார். மாறித்தான் இருந்தான். வழமையான பையனுக்குக் கணுக்கால் சுளுக்கு. அப்போ அவன் திரும்பி வரும்வரை பார்ப்போம் என்றார். அவன் திரும்பி வந்தான். புள்ளடிகள் அதே கட்டத்திலேயே விழுந்தன.

அடுத்த புதன்கிழமை நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சில நிமிடங்கள் தயாளனையே பார்த்தேன். பந்து இடப்பக்கம் போகும்போதெல்லாம் கழுத்தை முழுவதாகத் திருப்பிக்கொண்டிருந்தான். முன்பு அப்படி ஆடியவன் இல்லை. கண் மட்டும் அசையும், தலை அசையாது. அந்தப் பக்கம் அவனுக்குக் கண் தெரியவில்லையோ என்று பட்டது. ஆனால் அது நான் நினைத்தது, கண்டது இல்லை.

கண்டது அதற்கடுத்த புதன். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று, நான் காலைப் பூசைக்குப் போய்விட்டு வேலைக்கு வந்திருந்தேன். எங்களுக்குப் போட்டி இல்லை, பயிற்சி மட்டும். இடைவேளையில் எல்லோருக்கும் கடதாசிக் கோப்பையில் தேநீர் கொடுத்துக்கொண்டு போனேன். தயாளன் வாங்குப் பலகையில் இருந்தபடி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய இடப்பக்கமாக, அவன் முழங்கை உயரத்தில் கோப்பையை நீட்டினேன். அவன் பார்க்கவில்லை. "தம்பி, தேத்தண்ணி" என்றேன். குரல் வந்த பக்கம் சடாரென்று திரும்பினான். கோப்பை அவன் கையில் தட்டுப்பட்டு என் பாவாடையில் கொட்டியது.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழும்பினான். நான் அவனைச் சற்றுத் தள்ளி, வலைகள் வைக்கிற கொட்டில் பக்கம் கூட்டிப்போனேன்.

"தம்பி, இடக்கண் தெரியுதோ உமக்கு?"

"தெரியுதக்கா."

"கீழ்ப்பக்கம்?"

அவன் நிலத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். அடிபட்ட பிறகு ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டியதாம். பிறகு ஒரு கறுப்பு நிழல். முதலில் மூலையில் மட்டும் இருந்தது, இப்போது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறதாம். அக்காவுக்கும் அத்தானுக்கும் சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை.

காரணத்தை அவன் சொல்லாமலே எனக்குத் தெரியும். தொழில்முறைக் கழகம் ஒன்றில் இருந்து அடுத்த கிழமை இரண்டு பேர் அவனைப் பார்க்க வருவதாக இருந்தது. பிரெண்டன்தான் ஏற்பாடு செய்திருந்தார். இலையுதிர்காலத்து அட்டையின் பிரதியை நானே தட்டெழுதி அனுப்பியிருந்தேன்.

"அடுத்த கிழமை மட்டும் அக்கா. அவை பாத்திட்டுப் போகட்டும். அதுக்குப் பிறகு நானே டொக்டரிட்டைப் போறன். சத்தியமா. நீங்கள் ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

இரண்டு கையையும் கூப்பவில்லையே தவிர, மற்றபடி கெஞ்சினான். ஊரை விட்டு வந்த பிறகு அவனுக்கென்று இந்த நாட்டில் கிடைத்த ஒரே நல்ல விஷயம் அது. அதைத் தட்டிப் பறிக்க நான் யார்? அந்தக் கேள்வி எனக்குள் வந்தது உண்மை. ஆனால் உள்ளே வந்துகொண்டிருக்கிற நிழலுக்கு அடுத்த கிழமை என்று தெரியுமா?

"ஏலாது தம்பி. நான் இப்பவே போய்ச் சொல்லப்போறன். உமக்குச் சொல்லிப்போட்டுத்தான் போறன்."

அவன் திரும்பி மைதானத்துப் பக்கம் நடந்தான்.

லோமக்ஸ் அலுவலகத்தில் இருந்தார். நான் சொல்லத் தொடங்கியதும் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் அப்படி வைத்ததை முதல்முறையாகப் பார்க்கிறேன். அட்டையை எடுக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். தேநீர் கொட்டிய விதத்தை மட்டும் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். என் பாவாடையைப் பார்த்தார். உடனே எழும்பி மழைக்கோட்டை எடுத்துக்கொண்டார்.

பிரெண்டனிடம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பிரெண்டன் தலையில் கையை வைத்தபடி நின்றதும், பிறகு கார்த் திறப்பைத் தேடிப் பைகளைத் தட்டியதும் தெரிந்தது. பயந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டேனே என்று காரில் போகும்போது இரண்டு மூன்று முறை தனக்குள்ளே சொன்னார்.

அதற்கு முன், தயாளன் மருத்துவமனைக்கு வர மறுத்தான். உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே உள்ள வாங்கில் இறுகிப்போய் இருந்தான். லோமக்ஸ் அவன் முன்னால் போய் நிற்கவில்லை. பக்கத்தில், வலப்பக்கமாக, இருந்தார். அவனைப் போலவே மைதானத்தைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்:

"உன்னை ஆட்டத்தில் சேர்ப்பதும் விடுவதும் பிரெண்டனின் வேலை. எனக்கு அதில் ஒன்றும் இல்லை. நான் உன்னைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறேன். போகிற வழியெல்லாம் நீ என்னைத் திட்டலாம். நான் குறுக்கிடமாட்டேன்."

நெடுநேரம் கழித்து அவன் எழும்பினான். காரில் லோமக்ஸைத் திட்டவில்லை. பின் ஆசனத்தில் என் பக்கத்தில் இருந்தவன், ஜன்னலைப் பார்த்தபடி தமிழில் ஒரே ஒரு வசனம் சொன்னான்.

"தமிழ் ஆள் எண்டுதானே நம்பிச் சொன்னனான்."

அந்த வசனம் பல மாதம் எனக்குள் கிடந்தது.

மருத்துவமனையில் துளி மருந்து விட்டு, இருட்டறையில் வைத்து, ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார்கள். இல்ஃபோர்டில் இருந்து அவன் அக்கா வந்து சேர்ந்தாள். கடை மேலங்கியைக் கழற்றக்கூட நேரமில்லாமல் அதற்கு மேலேயே கோட்டைப் போட்டிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். லோமக்ஸ் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல்களை எல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்தார்.

பெண் டொக்டர் ஒருவர் வெளியே வந்தார். அக்காவுக்கு விளங்குவதற்காக அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். கண்ணின் உட்பக்கத்தில் படலம் ஒன்று இருக்கிறது, நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. அடி பட்டபோது அதன் ஓரம் கிழிந்துவிட்டது. அன்று முதல் மெல்ல மெல்ல உரிந்துகொண்டு வருகிறது. நடுப்பகுதி இன்னும் உரியவில்லை, ஆனால் அதன் கரை வரைக்கும் வந்துவிட்டது. நாளைக்கே சத்திர சிகிச்சை செய்தால் பார்வையைக் காப்பாற்றலாம். இன்னும் ஒரு கிழமை இப்படியே ஓடி விழுந்திருந்தால் தன்னால் இதைச் சொல்லியிருக்க முடியாது என்றார்.

கடைசி வசனத்தை நான் தமிழில் சொல்லி முடிக்க முன்னமே அக்கா அழத் தொடங்கிவிட்டாள். பிரெண்டன் எழும்பி வெளியே போனார். எனக்கோ, சொன்னால் வெட்கம், பயங்கரமாகப் பசித்தது. விபூதிப் புதன் நோன்பு, காலையில் இருந்து ஒருசந்தி. அதுவரை வயிறு என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. லோமக்ஸ் எங்கிருந்தோ சீஸ் சான்ட்விச் வாங்கிவந்து என் கையில் தந்தார். அன்றைக்கு எனக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே சாப்பாட்டை மருத்துவமனை நடைபாதையில் நின்றபடி சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக ஒரு சான்ட்விச்சை அதற்கு முன்னும் சாப்பிடவில்லை, பின்னும் சாப்பிடவில்லை.

சத்திர சிகிச்சை சரிவந்தது. ஒரு கிழமைக்கு மேல் அசையாமல் கிடந்தான். அடுத்தடுத்த பரிசோதனைகளிலும் படலம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் முகத்தில் அடிபடக்கூடிய ஆட்டம் எதுவும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கழகத்துக்காரர்களுக்குப் பிரெண்டன் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் மரியாதையாக வருத்தம் தெரிவித்தார்கள்.

அந்தப் பருவத்துக் கோல்களை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. கண் தெரியாமல் விட்டவை அவன் கணக்கில் சேரக் கூடாது, அழித்துவிடுங்கள் என்று பிரெண்டன் வாதாடினார். லோமக்ஸ் சம்மதிக்கவில்லை. பந்து உள்ளே போனது போனதுதான். ஆனால் அட்டையைத் தன் பக்கம் இழுத்து, அந்த மாதங்களின் வரிகளுக்கு எதிரே தன் கையாலேயே 'இடக்கண் காயத்துடன் ஆடியது' என்று எழுதினார். நான் அங்கே வேலை செய்த காலம் முழுவதிலும் ஓர் அட்டையின் ஓரத்தில் எழுத அவர் இடம் கொடுத்தது அது ஒன்றுக்குத்தான். இலையுதிர்காலப் பதிவு அதற்கு மேலே, அவன் பெயரில், அப்படியே நின்றது. நான் ஓய்வு பெறும் வரை அதை ஒருவரும் தாண்டவில்லை.

தயாளன் என்னோடு கதைக்கவில்லை. படிப்பைத் தொடர்ந்தான், கல்லூரிக்கு வந்தான், என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிப் போனான். அக்கா மட்டும் இரண்டு தடவை பிளேஸ்டோவுக்கு வந்தாள், பலகாரம் கொண்டுவந்தாள். அவனுக்கு இன்னும் கோவம் ஆறேல்லை, நீங்கள் மனசில வைக்காதேங்கோ என்றாள். நான் வைக்கவில்லை என்று சொன்னேன். கண் இருக்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று அருள் சொல்வார். அது சரிதான். இருந்தாலும் புதன்கிழமைகளில் கோல் சட்டத்தை வரையும்போது கை ஒரு கணம் நிற்கும்.

அடுத்த பருவத்தின் முதல் போட்டி செப்டெம்பரில், எங்கள் மைதானத்தில். நல்ல வெயில். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு கதிரையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டார்கள். திரும்பிப் பார்த்தேன், தயாளன். அதில் இருந்துகொண்டு மைதானத்தைப் பார்த்தான். புதிதாகச் சேர்ந்த கோல் காப்பாளர் ஒரு பந்தைப் பிடித்தபோது, நான் குறிக்க முன்னமே, "நடு, மேல்" என்றான். நான் வட்டம் போட்டேன்.

மற்றக் கதை இடைவேளையில்தான் தொடங்கியது.

"அக்கா, அங்கால கொடியோட நிக்கிறாரே, அவரை நான் தலையைத் திருப்பாமல் பாக்கிறன். நீலக் காலுறை."

கொடி பிடித்தவர் எங்களுக்கு இடப்பக்கம், கோட்டின் கோடியில் நின்றார். நீலக் காலுறைதான்.

"ஓம் தம்பி" என்றேன்.

அவன் குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினான்.

"நீங்கள் சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்லையக்கா. கண் போகுது எண்டு தெரிஞ்சும் விளையாடினனான். அதை நீங்கள் கண்டிட்டியள். அதுதான் உங்கட முகத்தைப் பாக்க ஏலாமல் இருந்தது."

என் கையில் இருந்த பென்சிலை என்ன செய்வது என்று தெரியாமல் அவனிடம் நீட்டினேன். வாங்கினான். நான் பையில் இருந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டேன். அணிகள் மைதானத்துக்குள் திரும்பி வந்தன. கோல் காப்பாளரின் தாளை என் எழுதும் அட்டையில் இருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, நீங்கள் வலப்பக்கத்தைப் பாருங்கோ. இடப்பக்கத்தை நான் பாக்கிறன்."

நடுவர் விசில் ஊதினார்.